அரை பார் ஐஸுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் நான் வருஷா வருஷம் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. தொட்டித் தண்ணீர் இத்தனை வெப்பத்தை இழந்தது, அதன் வெப்பநிலை இத்தனை டிகிரி இறங்கியது, அப்படியானால் தொட்டியில் இருந்தது எத்தனை லிட்டர்? போர்டில் எழுதி முடிப்பதற்குள் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "டேப்ப வச்சு அளந்தா முடிஞ்சு போச்சுல்ல மிஸ்?" என்று கேட்கும். வகுப்பே சிரிக்கும். "நீ எந்திரிச்சு வந்து அளந்து குடு, நான் உக்காந்துக்கிறேன்" என்று முறைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்தக் கணக்கால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கும் தெரியாது. பாடத்தில் இருந்தது, நடத்தினேன்.

பிரயோஜனம் என் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தவர் என் வீட்டுக்காரர்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தார். கரிமருந்தும் ரசாயனமும் எல்லாமே அங்கே 'மருந்து'தான். விபத்து நடந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்தார். முதுகு, மார்பு, இரண்டு கை, தொடை எல்லாம் வெந்து ஆறிய தோல். பிழைத்ததே பெரிது என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் கோடை வரும் வரைக்கும்.

வெந்து ஆறிய தோலில் வியர்வை வராது. இதை எனக்கு டாக்டர் சொன்னபோது, அட, வியர்க்காமல் இருந்தால் நல்லதுதானே என்று ஒரு நொடி நினைத்தேன். படித்தவளுக்குப் புத்தி போன போக்கைப் பாருங்கள். வியர்வை வந்தால்தான் உடம்புச் சூடு வெளியே போகும். அவருக்குச் சூடு உள்ளேயே தங்கும். வெயில் ஏற ஏற அவர் உடம்பும் ஏறும். "சூடு மண்டைக்கு ஏறிச்சுன்னா வலிப்பு வரும்மா. உசுருக்கே ஆபத்து. பகல்ல குளுந்த தண்ணியில உக்கார வைங்க. ஆனி பொறந்து மேக்க இருந்து மேகாத்து வந்துட்டா தப்பிச்சுக்கிடலாம்" என்றார் டாக்டர். எங்கள் ஊர் திருத்தங்கல். சித்திரை பாதியிலிருந்து வைகாசி முடிய, அங்கே குளிர்ந்த தண்ணீர் என்று ஒரு பொருளே கிடையாது.

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. குளியலறைச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருந்த மூலையில், மீந்துபோன செங்கல்லை வைத்துக் கொத்தனார் கட்டியது. ஒரு பக்கம் சாய்வு, ஒரு பக்கம் வளைவு, உள்ளே துணி வைக்க ஒரு படி, அடியில் மண்டி இறங்க ஒரு சரிவு. டேப்பைப் பிடித்தால் எங்கிருந்து எங்கே பிடிப்பது என்றே தெரியாது. "ஐநூறு லிட்டரு பிடிக்கும்" என்று கொத்தனார் சொன்னார். கொத்தனார் சொன்ன நாளுக்கு எது நடந்தது, லிட்டர் சரியாக இருக்க? எதிர்வீட்டு அக்காவோ, "குடத்துல மோந்து எண்ணிர வேண்டியதுதான டீச்சர்" என்றார். வாரத்துக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரை மோந்து மோந்து எங்கே கொட்டுவது?

கணக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், ஐஸால். நண்பகலில் தொட்டித் தண்ணீர் முப்பத்தாறு டிகிரிக்கு வந்துவிடும். பள்ளிக்கூட லேபிலிருந்து கேட்டு வாங்கி வந்த தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் அவர் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது? ஐஸ் போட்டால்தான் உண்டு. சிவகாசி ரோட்டில் இருந்த ஐஸ் கம்பெனி அண்ணாச்சியிடம் போய் நின்றேன். கல்யாண சீசன், போதாக்குறைக்குக் கரண்டு போவதும் வருவதுமாக இருந்த காலம். "டீச்சர், அரை பாருக்கு மேல என்னால முடியாது. கரண்டு இருந்தாத்தான ஐஸு உறையும்? உங்களுக்குன்னு அரை பாரு எடுத்து வைக்கேன், அதுவே பெருசு" என்றார். அரை பார் என்பது இருபத்தைந்து கிலோக் கட்டி.

ஆக, ஐஸைக் கூட்ட முடியாது. தண்ணீரைத்தான் குறைக்க முடியும். தண்ணீர் அதிகமாக இருந்தால் அந்த அரை பார் காணாமல் போய்விடும். ரொம்பக் குறைத்தால் அவர் உடம்பு முங்காது. அரை பார் ஐஸ் எத்தனை லிட்டரைக் குளிர வைக்கும், தொட்டியில் இருப்பது எத்தனை லிட்டர்? இது தெரிந்தால் இந்தக் கோடையை ஓட்டிவிடலாம் என்று நம்பினேன். நம்பினேன் என்றால், கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் நம்புவதைவிட அதிகமாக நம்பினேன்.

முதல் நாள் நானே கூட இருந்து பார்த்தேன். தண்ணீரை விளிம்புக்கு அரைச் சாண் கீழே நிறுத்தினேன். ஐஸைப் போட்டு, விளக்குமாற்றுக் கட்டையால் கலக்கி, கடைசித் துண்டு கரைந்ததும் தெர்மாமீட்டரை விட்டேன். இருபத்தொன்பது. ஏழு டிகிரி இறங்கியிருந்தது. ஒரு கிலோ ஐஸ் உருக எண்பது கிலோகலோரி, உருகிய தண்ணீர் இருபத்தொன்பதுக்கு ஏற இன்னொரு இருபத்தொன்பது. இருபத்தைந்து கிலோவுக்கும் சேர்த்துப் பெருக்கி, ஏழால் வகுத்தால் முந்நூற்றுத் தொண்ணூறு லிட்டர் வந்தது. குடம் எண்ணாமல், டேப் பிடிக்காமல், ஒரு சொட்டு வெளியே கொட்டாமல்! எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் உள்ளே இறங்கி உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஆத்தாடி, கொடைக்கானல்தான் போ" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதே அளவில் தண்ணீர், அதே அரை பார். தினமும் இப்படியே செய்தால் போதும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாளிலிருந்து எனக்கு முன்னறையில் டியூஷன். லீவில் பிள்ளைகளுக்கு நடத்தினால்தான் எங்களுக்கு ஓடும். ஐஸைப் போட்டுவிட்டு, "கரைஞ்சதும் தெர்மாமீட்டரப் பாத்துச் சொல்லிட்டு எறங்குங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். "முப்பத்தொண்ணு" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. கணக்குப் போட்டேன். ஐந்நூற்றைம்பது லிட்டர். இதென்ன கூத்து? அடுத்த நாள் "முப்பத்திரெண்டு" என்றார். எழுநூறு லிட்டர்! கொத்தனாரே சொல்லத் துணியாத லிட்டர். வெளியே இருக்கிற தொட்டி அப்படியே இருக்கிறது, என் தாளில் இருக்கிற தொட்டி மட்டும் தினமும் வளர்கிறது.

வெயிலாக இருக்கும் என்று நினைத்தேன். தொட்டிமேல் தென்னங்கீற்றுப் போட்டேன். சுவர்ச் சூடாக இருக்கும் என்று சுற்றிலும் ஈரச் சாக்குக் கட்டினேன். ஐஸ் வரும் வழியிலேயே கரைகிறதோ என்று அண்ணாச்சியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் தராசில் நிறுத்தே காட்டினார், மானம் போயிற்று. நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் விளிம்பில் தளும்பிக்கொண்டிருக்கும். அவர் உள்ளே உட்கார்ந்தால் தண்ணீர் அரைச் சாண் ஏறத்தானே செய்யும் என்று அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாயங்காலம் அவர் உடம்பைத் தொட்டால் கொதிக்கும். நூறு, நூற்றொன்று. வாயில் வைத்த தெர்மாமீட்டரையும் தொட்டியில் வைத்த தெர்மாமீட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேலியாக, "டீச்சரம்மா கணக்கு தப்பாயிருச்சா? பெஞ்சு மேல ஏறி நில்லு" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் டியூஷன் நடுவே கரண்டு போனது. மின்விசிறிச் சத்தம் நின்றதும் கொல்லைப்புறத்தில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அவர் தொட்டிக்கு வெளியே நின்றுகொண்டு, மாடியில் இருக்கும் கறுப்பு டேங்கிலிருந்து வருகிற குழாயைத் திறந்துவிட்டிருந்தார். அந்த டேங்குத் தண்ணீர் அந்நேரத்துக்கு எப்படி இருக்கும்? கையை வைத்தால் சுடும். அது என் ஐஸ்மேலேயே விழுந்துகொண்டிருந்தது. தொட்டி விளிம்பு வரை நிறைந்ததும் குழாயை அடைத்தார். ஆள்காட்டி விரலை விளிம்பில் வைத்துத் தண்ணீர் விரலில் படுகிறதா என்று பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்ன செய்றீக? வெந்நியத் தொறந்து விடுறீகளே, புத்தி இருக்கா உங்களுக்கு? நான் அங்கன ஐஸுக்காரன்ட்ட சண்ட போட்டுட்டு வாறேன். சாக்கக் கட்டுறேன், ஓலையப் போடுறேன். எழுநூறு லிட்டரு வருதே, எனக்குத்தான் கணக்கு மறந்துபோச்சோன்னு கெடந்து சாவுறேன். நீங்க இங்கன வெந்நி புடிச்சுக்கிட்டு இருக்கீக!" என்று கத்தினேன்.

"தொட்டி கொறையா இருக்கக் கூடாதுல்லா" என்றார் அவர்.

"யாரு சொன்னா?"

"கம்பெனில அதான சட்டம். மருந்து ரூமு வாசல்ல தண்ணித் தொட்டி இருக்கும். வெளிம்பு வரைக்கும் நெறஞ்சிருக்கணும். காலைல போர்மேன் வந்து வெரல வச்சுப் பாப்பாரு. வெரலு நனையலன்னா ரூமத் தொறக்க விட மாட்டாரு."

"இது கம்பெனியா? வீடுங்க."

"தெரியும்" என்றார். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார். விபத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. போலீஸுக்குச் சொன்னதோடு சரி. அன்றைக்குச் சொன்னார்.

"அன்னைக்குத் தண்ணி லாரி வரல. ஆர்டரு நெருக்கடி, போர்மேனும் பாக்காத மாதிரி போயிட்டாரு. மேலெல்லாம் தீயோட ஓடியாந்து தொட்டிக்குள்ள விழுந்தேன். தண்ணி கணுக்காலுக்குத்தான் கெடந்துச்சு. அதுல உருண்டு பொரண்டேன். எனக்குப் பின்னாலயே பக்கத்து ரூமுப் பிள்ள ஓடியாந்தா. 'அண்ணே, தள்ளுங்கண்ணே'ன்னா. நான் எந்திரிச்சேன். உள்ள ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நான் பொரண்டே தீத்துட்டேன். அவ குனிஞ்சு ரெண்டு கையாலயும் துழாவுனா."

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கிடந்தது. இவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போகும்போது அதன் அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் போனபோது அந்தப் பெண்ணின் கட்டில் காலியாக இருந்தது.

"அதான்" என்றார் அவர். "ஒரு ஆளுக்கு மட்டும் காணுற தண்ணில எப்படி உக்காருறது? பின்னால வாறவகளுக்கு வேணும்ல."

பின்னால் யாரும் வரப்போவதில்லை என்று சொல்லவா? அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மணி நேரம் முன்னால் வரை என் எதிரி வெயில். வெயிலோடு கணக்குப் போட்டுச் சண்டை போடலாம். இதோடு எதை வைத்துச் சண்டை போடுவது? அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர்மேல் கோபம், அந்தக் கம்பெனிமேல் கோபம், வராத லாரிமேல் கோபம். அத்தனை கோபத்தையும் வைத்துக்கொண்டு ஒரு டிகிரியைக் குறைக்க என்னால் முடியவில்லை.

கெஞ்சிப் பார்த்தேன். தண்ணீரைக் குறைத்து வைத்தால் அவர் கால் வைக்கவே மாட்டார். குழந்தைப்பிள்ளை மாதிரி வெளியிலேயே நிற்பார், வெயிலில். நிறைத்து வைத்தால் இறங்குவார், ஆனால் தண்ணீர் முப்பத்திரண்டுக்குக் கீழே இறங்காது. நிறைந்த தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் இன்னும் பத்துப் பதினைந்து கிலோ ஐஸ் வேண்டும் என்று வந்தது. அண்ணாச்சி கையை விரித்தார். டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தண்ணிச் சூட்டக் கொறைங்கம்மா, வேற வழி கெடையாது" என்றார். அது எனக்குத் தெரியாதா? இப்படியே நாள்கள் போயின. தினமும் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன், மேற்கே ஒரு பொட்டு மேகமாவது தெரிகிறதா என்று.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலையிலேயே கரண்டு இல்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து ஆள் வரவில்லை. உச்சிவேளை தாண்டி அண்ணாச்சியே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கால் பார்தான். "உறையவே இல்ல டீச்சர், இருந்தத வெட்டிக் கொண்டாந்தேன்" என்றார். அதற்குள் இவர் தொட்டிக்குள் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உதடு வெடித்திருந்தது. வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் நூற்று நான்கு. டாக்டருக்குப் போன் போட்டேன். "மொதல்ல குளிர வைங்க. இந்த வெயில்ல ஆட்டோல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தீங்கன்னா வழியிலயே வலிப்பு வந்துரும். எறங்கட்டும், அப்புறம் கொண்டாங்க" என்றார்.

கால் பார் என்றால் பன்னிரண்டு கிலோ சொச்சம். ஏழு டிகிரி இறங்க வேண்டுமானால் தண்ணீர் இருநூறு லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தொட்டியில் விளிம்பு வரை கிடந்தது. பாதிக்கு மேல் வெளியேற்ற வேண்டும், உடனே. அடியில் துவாரத்தைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்திருந்தோம். கையை விட்டு அதைப் பிடுங்கப் போனேன். அவர் காலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பிடுங்காத. ஏ புள்ள, பிடுங்காத. அவ வாறா."

காலை நகர்த்திப் பார்த்தேன். நோயாளிக் காலுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. எழுந்து குடத்தை எடுத்து மோந்து தரையில் கொட்டினேன். அவர் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். "கொட்டாத, கொட்டாத, பின்னாலயே வாறா பாரு" என்று கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். ஐஸ் அது பாட்டுக்குச் சாக்குக்குள் கரைந்துகொண்டிருக்கிறது.

சுவரோரம் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் காலியாகக் கிடந்தது. என்ன தோன்றிற்றோ, அக்காவைப் பார்த்து, "அந்த டிரம்ம இங்கன உருட்டுங்கக்கா" என்றேன். தொட்டியை ஒட்டி நிறுத்தினோம். ஒரு குடத்தை மோந்து, அவர் கண்ணுக்கு நேராகக் காட்டி, டிரம்முக்குள் ஊற்றினேன்.

"கொட்டலைங்க. இங்க பாருங்க, இதுல ஊத்துறேன். இது அவளுக்கு."

அவர் பார்த்தார். என்னை, டிரம்மை, மறுபடி என்னை. என் புடவையைப் பிடித்திருந்த பிடியை விட்டார்.

நான் மோந்து கொடுக்க, அக்கா வாங்கி ஊற்றினார். தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க அவர் கண் டிரம்மைவிட்டு நகரவில்லை. "நெறஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். டிரம் விளிம்புக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்து, விரலை அந்தத் தண்ணீரில் வைத்துக் காட்டினேன். "நெறஞ்சிருச்சு. பாத்துக்கோங்க. அவளுக்குப் போதும்." அவர் தலையை ஆட்டினார். துவாரத்தின்மேல் இருந்த காலை எடுத்தார். மீதிக்குக் கட்டையைப் பிடுங்கி, தண்ணீர் அவர் இடுப்புக்கு இறங்கியதும் அடைத்தேன். கால் பாரை உடைத்துப் போட்டு, செம்பால் மோந்து தலையிலும் முதுகிலும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அக்கா ஈரத் துண்டால் விசிறினார். தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட எனக்கு நினைப்பே வரவில்லை. வெயில் சாய்ந்தபோது அவர் உடம்பு நூற்றொன்றுக்கு வந்திருந்தது. பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டோம்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை என்றார். இருந்திருக்கலாம், நான் துருவவில்லை. ஆனால் தொட்டிக்குள் இறங்கும் முன்னால் டிரம்மருகே போய் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். நனைந்தது. நான் விட்டிருந்த அளவுத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தார். ஆனி பிறந்து காற்று வரும் வரைக்கும் அப்படியே ஓட்டினோம்.

அந்த டிரம்மை இன்றைக்கும் நிறைத்து வைக்கிறோம். வெயிலில் வற்றியதை நானே காலையில் ஊற்றி விளிம்புக்குக் கொண்டுவருவேன். லாரி வராமல், தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த வாரங்களிலும், குடிக்க மட்டும் இருக்கிறது, குளிக்க இல்லை என்ற நாள்களிலும், எங்கள் வீட்டில் யாரும் அதில் ஒரு செம்பு மோந்ததில்லை.